முன்னாடி நீட்டற கல்லுக்குக் கீழ என்ன இருக்கு? கடை டிசைன் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

கோயமுத்தூர்லயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் கஃபே, பேக்கரி, ஜூஸ் கடை, மெடிக்கல் ஷாப்புன்னு புதுசு புதுசா இன்டீரியர் பண்ற டிசைனர் தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் சேத்து இதை எழுதறேன். ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. நான் இருபது வருசத்துக்கு மேல கல்லு அறுத்து ஒட்டற வேலை பாக்கறவன், கிருஷ்ணகிரி கருப்பும் வந்திருக்கு, மதுரைப் பக்கம் மேலூர் கல்லும் வந்திருக்கு, ஓங்கோல்ல இருந்து பிளாக் கேலக்ஸியும் வந்திருக்கு, எது வந்தாலும் கட்டர் பிடிக்கிற கை எங்களோடதுதான். உங்க அளவுக்குப் படிப்பு இல்ல, ஆனா கல்லு எங்க உடையும்னு அதைப் பாத்தவுடனே சொல்லிருவேன்.

நேரா விசயத்துக்கு வரேன். நீங்க அனுப்பற 3டி படத்துல கவுன்ட்டர் அழகா இருக்கு. முன்னாடி 14 இன்ச் கல்லு நீட்டிக்கிட்டு நிக்குது, கீழ ஹை ஸ்டூல் போட்டிருக்கு, எல்.ஈ.டி. லைட்டு ஓடுது, காலு இல்ல, பிராக்கெட்டு இல்ல, ஒண்ணுமே இல்ல, கல்லு காத்துல மிதக்குது. அதுக்கப்பறம் செக்‌ஷன் டிராயிங், அதாவது கவுன்ட்டரை பக்கவாட்டுல வெட்டின மாதிரி படம், கேட்டா "அண்ணா, அது சைட்ல பாத்துக்கலாம்"ங்கறீங்க. சைட்ல பாக்கறதுக்கு அங்க என்ன இருக்கும்னு நினைக்கறீங்க? கொத்தனார் சுவரு கட்டி முடிச்சுட்டுப் போயிட்டாரு, கார்பென்டர் முன்னாடி லேமினேட் ஒட்டிட்டாரு, எலக்ட்ரீசியன் ஒயர் இழுத்துட்டாரு, பெயின்டிங்கும் முடிஞ்சுது, கடைசியா கல்லோட நான் வந்து நிக்கறேன், நாளன்னிக்கு கடை திறப்புன்னு பேனர் வேற கட்டியாச்சு. அந்த நேரத்துல இரும்பு வேணும்னு நான் சொன்னா முதலாளிக்கு நான்தான் வில்லன்.

ஒரு பேக்கரி கதையச் சொல்றேன். பேரும் ஊரும் வேண்டாம். 8 அடி நீளம், 30 இன்ச் அகலம், 18 எம்.எம். கல்லு. அதுல 16 இன்ச் கவுன்ட்டர் மேல உக்காந்திருக்கு, 14 இன்ச் வெளிய நீட்டியிருக்கு. முன் விளிம்பு கனமா தெரியணும்னு கீழ ரெண்டு இன்ச் பட்டைய ஒட்டி டபுள் மோல்டிங் வேற. கீழ சப்போர்ட் வேணும்னு நான் சொன்னேன், டிசைனர் "லுக் போயிரும், பேஸ்ட் நல்லா போட்டு ஒட்டுங்க போதும்"னாரு, முதலாளியும் அவரு பக்கம் நின்னாரு. நானும் ஒட்டிட்டேன், அது என் தப்புதான், அதை மறைக்கல.

இப்ப கணக்கப் பாருங்க. கிரானைட்டு 18 எம்.எம். கனத்துல சதுர அடிக்கு சுமாரா நாலரைக் கிலோ வரும். அந்தக் கல்லு மொத்தம் 20 சதுர அடி, 90 கிலோ. முன்னாடி ஒட்டின மோல்டிங் பட்டை ஒரு 6 கிலோ. கல்லோட நடு மையம் முன் விளிம்புல இருந்து 15 இன்ச்ல, கவுன்ட்டர் சுவரோட முன் ஓரம் 14 இன்ச்ல. அதாவது 90 கிலோவும் ஒரே ஒரு இன்ச் உள்ள இருக்கறதாலதான் நிக்குது. அந்தப் பக்கம் 6 கிலோ பட்டை 13 இன்ச் தள்ளி தொங்கிக்கிட்டு அதையும் வெளிய இழுக்குது. தொண்ணூறை ஒண்ணால பெருக்கினா 90, ஆறை பதிமூணால பெருக்கினா 78, மிச்சம் 12. 14 இன்ச் தள்ளி இருக்கற அந்த விளிம்புல ஒரு கிலோ கேக்கை வெச்சா வெளிய இழுக்கறது இன்னும் 14. பேஸ்ட் மட்டும் இல்லேன்னா ஒரு பர்த்டே கேக்குக்கே அந்தக் கல்லு பின்னாடி எந்திரிச்சிரும்! இது எந்த ஐஐடி கணக்கும் இல்லைங்க, தராசுக் கணக்கு, மளிகைக் கடையில பொட்டலம் கட்டற பையனுக்குத் தெரியும்.

மூணாவது வாரம் உடைஞ்சுது. தண்ணி கேன் போடற பையன் தோள்ல இருந்த 20 லிட்டர் கேனை எறக்க எடமில்லாம அந்த விளிம்புல டொம்முனு வெச்சிருக்கான், அவ்வளவுதான். ஸ்டூல்ல அந்த நேரத்துல யாரும் உக்காந்திருக்கல, இல்லேன்னா அத்தனை எடையும் தொடை மேல விழுந்திருக்கும். போய்ப் பாத்தேன், சுவரோட முன் ஓரத்துக்கு நேர் மேல ரூல் போட்டு கிழிச்ச மாதிரி ஒரே கோடு. பேஸ்ட் அப்படியே இருக்கு, ஒட்டினது விடல, கல்லுதான் விட்டுச்சு. "கல்லு குவாலிட்டி சரியில்ல"ன்னு என் பேர்ல போட்டுட்டாங்க. புதுக் கல்லு என் செலவுல போச்சு.

ஏன் அங்க உடைஞ்சுதுன்னு தெரிஞ்சுக்கணுமா, ஒரு மில்க் பிஸ்கட்டை எடுத்து மேசை ஓரத்துல பாதி வெளிய நீட்டி வெச்சு உள்பக்கத்தை ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நுனிய விரலால அமுக்குங்க. மேல் பக்கம்தான் விரியும், அதுவும் மேசை விளிம்புக்கு நேரா. கல்லும் அதேதான். கல்லை நசுக்கறது கஷ்டம், ஆனா இழுவை அதுக்கு ஆகாது, நசுங்கறதுல தாங்கற பலத்துல பத்துல ஒரு பங்கு கூட வளைவுல தாங்காது. இரும்பு வளையும், மரம் முனகும், கல்லு ரெண்டும் பண்ணாது, நேரா உடைஞ்சிரும். அதோட மேல இருந்து பொத்துனு ஒண்ணை வெச்சா மெதுவா வெக்கறதப் போல ரெண்டு மடங்காவது அழுத்தம் வரும். கடையில எவன் மெதுவா வெக்கறான்? ஆவின் பால் டப்பு, 26 கிலோ அரிசி மூட்டை, கேஷ் பக்கத்துல சாஞ்சுக்கிட்டு அரை மணி நேரம் அரசியல் பேசற பெரியவரு, குழந்தைய தூக்கி கவுன்ட்டர் மேல உக்கார வெச்சுட்டு பர்ஸ் தேடற அம்மா, பல்பு மாத்த மேல ஏறி நிக்கற எலக்ட்ரீசியன். வீட்டு கிச்சன்ல இது எதுவும் நடக்காது, கடையில தினமும் நடக்கும். வீட்டுக்குப் போடற அளவை அப்படியே கடைக்குத் தூக்கிப் போடறதுதான் உங்க முதல் தப்பு.

ரெண்டாவது, அந்த டபுள் மோல்டிங் ஏமாத்து. விளிம்புல பாத்தா 36 எம்.எம். கனம் மாதிரி தெரியும், முதலாளி தட்டிப் பாத்து "நல்ல கனம்"னு சந்தோசப்படுவாரு, ஆனா உடையற எடத்துல கல்லு இன்னும் அதே 18தான். கனம் நுனியில கூடுது, பலம் அடியில கூடல, இதைவிட தலைகீழான வேலை இருக்கா சொல்லுங்க. நிஜமாவே முழுசா 30 எம்.எம். கல்லு போட்டா வளைவுல தாங்கற பலம் 18ஐ விட ரெண்டே முக்கால் மடங்கு, ஏன்னா கனத்தோட வர்க்கத்துல ஏறும். விலையும் ஏறும்தான், அது எனக்கும் தெரியும்.

நேச்சுரல் ஸ்டோன் இன்ஸ்டிடியூட்டுன்னு அமெரிக்காவுல கல்லு தொழில்காரங்க அமைப்பு ஒண்ணு இருக்கு. அவங்க வழிகாட்டுதல்ல 2 செ.மீ. கல்லு சப்போர்ட் இல்லாம 6 இன்ச் வரைக்கும்தான் நீட்டலாம், 3 செ.மீ. கல்லு 10 இன்ச், அதுலயும் நீட்டல் மொத்த அகலத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நம்ம ஊர் கல்லு 18, பாலிஷ் போட்டு சில எடத்துல 16க்கு வந்து நிக்கும், அதனால நமக்கு 6 கூட கிடையாது, நான் 5ன்னு வெச்சுப்பேன். இப்ப அடுத்த பக்கம் பாருங்க. ஹை ஸ்டூல் போட்டு ஆளு உக்காரணும்னா முட்டி போக எடம் வேணும், 42 இன்ச் உயர பார் கவுன்ட்டருக்கு 12 இன்ச், 36 இன்ச் கவுன்ட்டருக்கு 15 இன்ச்னு அதே ஊர் கிச்சன் டிசைன் கணக்கு சொல்லுது. கல்லு 6க்கு மேல வராதுங்குது, முட்டி 12க்குக் கம்மியா வராதுங்குது. நடுவுல இருக்கற அந்த ஆறு, ஒம்போது இன்ச்சை யார் தாங்கறதுன்னு முடிவு பண்றதுதான் டிசைன். கலரு தேர்ந்தெடுக்கறது அப்பறம்.

தாங்கறது இரும்புதான், வேற வழி இல்ல. அதுவும் லுக்கு கெடாமயே பண்ணலாம், இதுதான் எனக்கு ஆத்திரம் வர்ற எடம். 2 இன்ச் அகலம், அரை இன்ச் கனம் ஃபிளாட் கம்பிய எடுத்து, கவுன்ட்டர் பெட்டி மேல் பலகையில அரை இன்ச் குழி வெட்டி அதுக்குள்ள படுக்க வெச்சு முடுக்கிட்டா கல்லு மேல வந்து சமமா உக்காரும், கீழ இருந்து குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். கம்பி நுனி கல்லு விளிம்புக்கு ஒரு மூணு இன்ச் முன்னாடியே நின்னுரலாம். வெளிய எவ்வளவு நீட்டுதோ உள்ள அதைவிட ஜாஸ்தி நீளம் பிடிச்சிருக்கணும். ரெண்டு அடிக்கு ஒண்ணு, ரெண்டு ஓரத்துலயும் கட்டாயம், கல்லுல ஜாயின்ட் வந்தா அதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. அந்த பேக்கரி 8 அடிக்கு அஞ்சு கம்பி, ஒவ்வொண்ணும் ரெண்டேகால் அடி, எல்லாம் சேத்தா ஒரு 17 கிலோ இரும்பு. வெல்டருக்கு அரை நாள் வேலை. இதைக் கேட்டதுக்குத்தான் லுக்கு போயிரும்னாங்க.

அரை இன்ச் ஏன், கால் இன்ச் போதாதான்னு எல்லாரும் கேப்பாங்க. கால் இன்ச் கம்பி உடையாது, உண்மைதான். ஆனா வளையும். இங்க பலம் முக்கியமில்ல, விறைப்புதான் முக்கியம், ஏன்னா கல்லு தன் பங்குக்கு ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் வளையறதுக்குள்ள போயிரும், கம்பி அதுக்கப்பறம் மூணாவது மில்லிமீட்டர்ல தாங்க ஆரம்பிச்சு என்ன பிரயோஜனம், உடைஞ்ச கல்லைத்தான் தாங்கும். கம்பி கனம் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்காகும். ஹார்டுவேர் கடையில ஷெல்ஃபுக்கு விக்கற அந்த தகர எல் பிராக்கெட்டை வாங்கிட்டு வந்து "அண்ணா இதைப் போட்டுருங்க"ன்னு குடுக்கறீங்களே, அது துணி மடிச்சு வெக்கறதுக்குங்க.

15, 18 இன்ச்னு போனா படுத்த கம்பி மட்டும் பத்தாது, கீழ முக்கோணமா தாங்கு குடுக்கணும், இல்ல உள்ள 40க்கு 40 ஸ்கொயர் பைப்புல ஃபிரேம் அடிச்சு தரையில பிளேட் வெச்சு போல்ட் போடணும். அதுக்கு மேல பெரிசா வளைஞ்சு வளைஞ்சு பார் கவுன்ட்டர் வேணும்னா என்னைக் கேக்காதீங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட ஒரு தாள் வாங்கிட்டு வாங்க.

சுவருல முடுக்கற பிராக்கெட்டு பத்தி ஒரு வார்த்தை. கவுன்ட்டருக்கு முன்னாடி கட்டறது எல்லாம் நாலரை இன்ச் சுவரு, மேல எதுவும் பாரம் இல்லாம தனியா நிக்கற சுவரு, இப்ப நிறைய பேரு ஏஏசி பிளாக்குல, அதான் அந்த லேசான காத்து அடைச்ச சிமென்ட் கல்லுல, கட்டறாங்க. 70 கிலோ ஆளு 12 இன்ச் தள்ளி சாஞ்சா, பிராக்கெட்டோட கால் 6 இன்ச் இருந்தா மேல் போல்ட்டை 140 கிலோ இழுக்கும். ஏஏசி பிளாக்குல சாதா ஆங்கர் போல்ட்டை அடிச்சா அது மாவுல ஆணி அடிச்ச மாதிரி, முடுக்கும்போதே சுத்தும். கல்லு நிக்கும், பிராக்கெட்டு நிக்கும், சுவரு கழண்டு வரும். பிளைவுட் பெட்டி கவுன்ட்டரும் அப்படித்தான், நல்ல பிளைவுட்டா இருந்தாலும் தரையோட பிடிப்பு இல்லேன்னா பெட்டியே முன்னாடி சாயும். அதனால நீட்டல் இருக்கற கவுன்ட்டருன்னா சுவரு கட்டும்போதே உள்ள இரும்பு நிக்கணும், தரையில பிடிச்சிருக்கணும். பின்னால சேக்கற வேலை இல்ல இது.

சில பேரு ஆர்.சி.சி. ஸ்லாப் போட்டு மேல கல்லு ஒட்டச் சொல்வாங்க, நல்ல யோசனைதான், நம்ம பழைய ஹோட்டல் கல்லாப்பெட்டி மேடை எல்லாம் அப்படித்தான் நிக்குது. ஆனா கம்பிய எங்க போடறாங்கன்னு நின்னு பாருங்க. வெளிய நீட்டற ஸ்லாபுக்கு மெயின் கம்பி மேல் பக்கம் வரணும், பிஸ்கட்டு மேல விரிஞ்சுதே அதே காரணம். பழக்க தோசத்துல ரூம் ஸ்லாப் மாதிரி அடியில போட்டுட்டா கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். மேல கட்டினாலும் கான்கிரீட் போடும்போது நாலு பேரு மிதிச்சு அதைக் கீழ எறக்கிருவாங்க. எத்தனை சன்ஷேடு இப்படி விழுந்திருக்குன்னு கொத்தனாரைக் கேளுங்க, சொல்வாரு.

கல்லு ஒட்டறப்ப நடக்கற தப்பு எங்களோடது, அதையும் சொல்லிர்றேன், உங்களை மட்டும் திட்டினா நல்லா இருக்காது. அஞ்சு கம்பியில ஒண்ணு மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் தூக்கி நின்னா மொத்த பாரமும் அது மேல வந்து அந்த எடத்துலயே கல்லு விடும். ரசமட்டம் வெச்சு நீட்டமாவும் குறுக்கவும் பாத்து, எறக்கமா இருக்கற கம்பிக்கு மேல தகடு குடுத்து, அப்பறம் சிலிகான் போட்டு கல்லை வெக்கணும். கல்லை வெச்சுட்டு சுத்தியல்ல தட்டி உக்கார வெக்கற ஆளுங்க இன்னும் இருக்காங்க. ஜூஸ் கடை, டீக்கடைன்னா தண்ணி எப்பவும் ஓடும், ரெட் ஆக்சைடு மட்டும் அடிச்ச இரும்பு துருப்பிடிச்சு ஊதி கல்லையே தூக்கும், அங்க 304 ஸ்டெயின்லெஸ் போடறது நல்லது. கல்லுக்கு அடியில காடி போட்டு கம்பி பதிக்கிறது சிங்க் பக்கத்துக்கு நல்லது, ஆனா முன்னாடி நீட்டலுக்கு அது காவல்னு நினைக்காதீங்க, விரியறது மேல, கம்பி இருக்கறது கீழ.

நானோ ஒயிட்டு, குவார்ட்ஸு, 12 எம்.எம். சின்டர்டு கல்லுன்னு ஃபேக்டரியில செய்யற கல்லு இப்ப வெள்ளையா பெருசா வருது. எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல, ஆனா ஒவ்வொண்ணுக்கும் கம்பெனிக்காரன் எவ்வளவு நீட்டலாம்னு தாள் குடுப்பான், அதைப் படிக்காம கிரானைட்டு மாதிரியே நினைச்சு டிராயிங் போடாதீங்க. பில்லிங் மெஷின் ஒயருக்கு ஓட்டை, ஸ்வைப் மெஷினுக்கு ஓட்டைன்னு நீட்டலுக்குப் பக்கத்துல நீங்க கேக்கற ஓட்டையும் முன்னாடியே சொல்லிருங்க, மூலை கூர்மையா வெட்டினா அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும், ரவுண்டா எடுக்கணும், சைட்ல ஹேண்ட் கட்டர்ல அது வராது.

இன்னொண்ணு. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு அப்பறம் பேங்க், ஆஸ்பத்திரி மாதிரி எடங்கள்ல வீல்சேர்ல வர்றவங்களுக்கு தாழ்வான கவுன்ட்டர் பகுதி கேக்கறாங்க, சந்தோசம். அங்க முட்டி நேரா கீழ போகணும், அதனால நீட்டல் இன்னும் ஆழமா வரும். ஒரு எடத்துல அதுக்குக் கீழயே நடு மையமா முக்கோண பிராக்கெட்டு ஒண்ணை வெல்டர் வெச்சிருந்தாரு, டிராயிங்ல சப்போர்ட்டே காட்டல, அவரு என்ன பண்ணுவாரு பாவம். வீல்சேர்ல வந்தவரு முட்டி இடிச்சு பக்கவாட்டுல திரும்பி உக்காந்துதான் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டாரு. சப்போர்ட்டு ரெண்டு ஓரத்துக்குப் போயிருக்கணும், அதை முடிவு பண்ணவேண்டியது நீங்க, வெல்டரு இல்ல.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லைங்க. கவுன்ட்டரை பக்கவாட்டுல வெட்டின மாதிரி ஒரே ஒரு படம், பேப்பர்ல பேனாவுல போட்டாக்கூடப் போதும். கல்லு கனம் எவ்வளவு, மொத்த அகலம் எவ்வளவு, வெளிய எவ்வளவு, உள்ள எவ்வளவு, கீழ எந்த இரும்பு, அது எதுல பிடிச்சிருக்கு. அந்தப் படம் கொத்தனாரு கைக்கு சுவரு கட்டறதுக்கு முன்னாடி போகணும், என் கைக்கு இல்ல. நான் கடைசியா வர்றவன்.

அடுத்த வாரம் ஒரு ஜூஸ் கடை வேலை இருக்கு. வாட்ஸப்புல டிராயிங் வந்திருக்கு, 16 இன்ச் நீட்டல்னு போட்டு கீழ வெள்ளையா விட்டிருக்கு, நாலு ஸ்டூல் படம் மட்டும் அழகா வரைஞ்சிருக்கு. "கீழ என்னங்க?"ன்னு ஒரு வரி அனுப்பிட்டேன், நேத்து சாயங்காலமே புளூ டிக் வந்துருச்சு. கல்லு பட்டறையில சாத்தி வெச்சிருக்கேன், பதில் வர்ற வரைக்கும் அறுக்கல.